மாப்பிள்ளை விருந்தும் மூணு தையலும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணுதான். கோழிக்காலுக்குத் தையல் போடணும்.

நான் ஆபரேஷன் பண்ணப் படிக்கிற டாக்டர். மறுநாள் டெஸ்ட். மூடுன பெட்டிக்குள்ள நீளக் கம்பியை விட்டு, உள்ள நடக்கிறதை டிவில பார்த்துக்கிட்டே தைச்சு முடிச்சுப் போடணும். முடிச்சு நின்னாத்தான் எங்க சீஃப் டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல, வயித்துக்குள்ள விடுற கேமராவைப் பிடிக்கவே விடுவாரு.

இதுல கையை இடப்பக்கம் கொண்டு போனா கம்பி வலப்பக்கம் போகும். எனக்கு நேரா போனாலே வழி தெரியாது.

சேலை வந்த அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, மேல போன் கேமராவை வச்சு, அதைப் பார்த்துக்கிட்டே காலைல இருந்து குத்துறேன். கோழியைத் தவிர எல்லாத்தையும் குத்திட்டேன். ஒருவழியா மூணு தையல் விழுந்துச்சு. ஊசியைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு, கோழிக்காலை டப்பால போட்டு பிரிட்ஜுல வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

அன்னைக்குத்தான் அக்கா புருஷனுக்கு மொத விருந்து. மாப்பிள்ளைக்கு லெக் பீஸ் வைக்கலைன்னா எங்க பக்கம் அது பஞ்சாயத்து வரைக்கும் போகும். அம்மா ஆக்குன கோழில ஒரு காலை, உப்பு பார்க்கிறேன்னு அக்காவே தின்னுட்டா. இன்னொன்னு சம்பந்திக்கு. பதறிப் போயி பிரிட்ஜைத் திறந்த அம்மா, மீனாட்சி கண்ணைத் திறந்துட்டான்னு என் காலை எடுத்துக் கொதிக்கிற குழம்புல போட்டுருச்சு. கண்ணாடி போடாமத்தான்.

இலை போட்டாச்சு. அத்தான் கடிச்சாரு. கூடவே நீலமா ஒரு நூல் வந்துச்சு.

"என்ன அத்தை, கோழிக்கு ஆபரேஷன் ஆயிருக்கா?"

"நம்ம வாங்குற கடைல சீக்குக் கோழியே வராது மாப்ள" ன்னுச்சு அம்மா.

அத்தான் நூலைப் பிடிச்சு இழுத்தாரு. வரலை. பல்லால இழுத்தாரு. அப்பவும் வரலை.

எனக்குன்னா சந்தோஷம் தாங்கலை.

"நல்லா இழுங்கத்தான். முடிச்சு நிக்குதான்னு பாருங்க" ன்னு வாயை விட்டுட்டேன்.

அம்மா கரண்டியோட என் பக்கம் திரும்புச்சு. சம்பந்தி தன் இலையில கிடந்த காலை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாரு. "நல்லவேளை, நான் மொதல்லயே தின்னுட்டேன்" னா அக்கா.

மறுநாள் டெஸ்ட். அங்க நான் போட்ட தையலை சீஃப் ஒத்தை விரலால தொட்டாரு. அம்புட்டு முடிச்சும் அவுந்துருச்சு. "இன்னும் ஒரு மாசம் பழகிட்டு வாம்மா" ன்னாரு.

சாயங்காலம் அத்தான் போன் பண்ணாரு. "என்ன டாக்டரம்மா, பாஸா?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்மா, நான் பல்லு ஆட ஆட இழுத்தும் வரலை. அவரு தொட்டதும் வந்துருச்சா?"

இப்பல்லாம் அத்தான் வந்தா எங்க வீட்ல முட்டைக் குழம்புதான். அதையும் பிட்டுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடுறாரு.