எண்ணெயில் கலந்த சர்க்கார் பொடி

எண்ணெய் மேன்மை இலாகா என்று ஒரு இலாகா இருந்தது. பூமிக்குள் எங்கே எண்ணெய் இருக்கிறதோ அங்கே அதை எடுத்து மேன்மைப்படுத்துவது அதன் வேலை. எண்ணெய் இல்லாத ஜில்லாக்களிலும் அதற்குக் கிளைக் கச்சேரி உண்டு. எண்ணெய் இல்லை என்பதையும் யாராவது கண்காணிக்க வேண்டாமா?

திருநெல்வேலிக் கிளையில் மூன்று பேர். சூப்பிரண்டு ஐயம்பெருமாள் பிள்ளை. ரைட்டர் தேவசிகாமணி. சேவகன் பூதத்தான். மாதம் பிறந்தால் தேவசிகாமணி ஒரு கடிதம் எழுதுவார்: "சென்ற மாதமும் இந்த ஜில்லாவில் பூமியெண்ணெய் அகப்படவில்லை என்பதை மேலதிகாரி சமுகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்." சூப்பிரண்டு கையெழுத்துப் போடுவார். பூதத்தான் தபாலில் சேர்ப்பான். மீதி இருபத்தொன்பது நாளும் அடுத்த கடிதத்துக்கான ஆயத்தம்.

ஒரே ஒரு மாதம் தேவசிகாமணி, ஏதோ நினைப்பில், "இன்னும் அகப்படவில்லை" என்று எழுதிவிட்டார். எந்த ஆதாரத்தின் பேரில் 'இன்னும்' என்று நம்பிக்கை தெரிவித்தீர் என்று சென்னப்பட்டணத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் நம்பிக்கை எதையும் எழுத்தில் தெரிவிப்பதில்லை.

அவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். தமிழும் இங்கிலீஷும் இரண்டு கையாலும் எழுதுவது போல எழுதுவார். பொய் சொல்லமாட்டார். இந்த மூன்று யோக்கியதைகளுடன் பத்து வருஷமாக ஆக்டிங் ரைட்டராக இருந்தார். நிரந்தரமாவதற்கு இலாகாவின் விதி எளிமையானது: ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கி முடித்துக் காட்டியிருக்க வேண்டும். இல்லாத எண்ணெயில் எந்த வேலையைத் தொடங்குவது? அதற்கு அடுத்த விதி இன்னும் எளிமை: பத்து வருஷம் முடிந்தும் நிரந்தரமாகாதவர் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பத்தாவது வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. அவருக்கு வயது நாற்பத்தேழு. வேறு வேலைக்குப் போகும் வயதில்லை. வீட்டில் மனைவி சாரம்மாள் தேதியை எண்ணுவதில்லை. காலண்டரை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள்.

அப்படியிருக்கையில் புரட்டாசி மாதம் கூட்ஸ் வண்டியில் பன்னிரண்டு பீப்பாய் பொடி வந்து இறங்கியது. கூடவே ஒரு உத்தரவு.

"இத்துடன் வரும் பொடியை, பூமியெண்ணெயைச் சுத்திகரிப்பதற்கு முன், எண்ணெயுடன் சரிபாதி கலக்கவும். அதன்பின் சுத்திகரித்து, விளக்கில் இட்டுப் பரீட்சித்து, இணைத்துள்ள நமூனாப் படிவத்தில் அறிக்கை அனுப்பவும்."

சூப்பிரண்டு உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விசிறிக்கொண்டார்.

"வே, ரைட்டரே. உம்ம காலம் பொறந்துட்டு வே. வேலை வந்துட்டு."

"வேலை வந்துட்டு அய்யா. எண்ணெய் வரலியே. நம்ம ஜில்லாவுல எண்ணெய் இல்லைன்னு நாமதான பத்து வருசமா எழுதுதோம்."

"அது பூமிக்குள்ள. பூமிக்கு மேல மீரா முகைதீன் கடையில தகரம் தகரமா இருக்கு."

"அது மண்ணெண்ணெய் அய்யா. சுத்திகரிச்சு வந்தது."

"அதனால?"

"சுத்திகரிக்கிறதுக்கு முன்னால கலக்கணும்னுல்லா உத்தரவு. அதை எங்கனயோ முன்னாலயே சுத்திகரிச்சுட்டான்."

ஐயம்பெருமாள் பிள்ளை விசிறியைக் கீழே வைத்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் முகத்தில் யோசனை தெரிந்தது அன்று ஒருநாள்தான்.

"சுத்திகரிச்சது அவன் தப்பு. உத்தரவு தப்பாகாது. எண்ணெயச் சுத்திகரிக்கதுக்கு முந்தின நெலமைக்குக் கொண்டுபோவும்."

"எப்படி அய்யா?"

"சுத்திகரிக்கும்போது என்னத்தையெல்லாம் எடுக்கான்?"

தேவசிகாமணி அலமாரியிலிருந்து இலாகாவின் கைப்புத்தகத்தை எடுத்துப் படித்துச் சொன்னார். "மண்ணு, தண்ணி, தாரு மாதிரி கீலு."

"எடுத்ததத் திரும்பப் போடும் வே. இதுக்கு எதுக்குப் பொஸ்தகம்?"

மீரா முகைதீனின் எண்ணெய்க்கடை டவுணில் ரதவீதி திரும்பும் இடத்தில் இருந்தது. தேவசிகாமணி போனபோது அவர் தகரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கச்சேரிக்கு நாலு தகரம் மண்ணெண்ணெய் வேணும். நயம் எண்ணெயா."

"நயம்தான் ரைட்டரய்யா. விளக்கெரிக்கவா?"

"கெடுக்கதுக்கு."

மீரா முகைதீன் தட்டுவதை நிறுத்தினார். விவரம் கேட்டார். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "மூலையில ஒரு தகரம் கெடக்கு. மழைத்தண்ணி எறங்கி, மண்ணும் விழுந்து, நாசமாப் போன சரக்கு. அதைச் சும்மாவே கொண்டுபோங்க. உங்களுக்குக் கெடுக்க சிரமம் மிச்சம்."

நியாயமாகத்தான் பட்டது. தேவசிகாமணி திரும்ப வந்து சூப்பிரண்டிடம் கேட்டார். சூப்பிரண்டு கையை உதறினார்.

"அது தானாக் கெட்டது வே. முறைப்படி கெடுத்ததுக்கும் தானாக் கெட்டதுக்கும் வித்தியாசம் இல்லியா? நாளைக்கு ஆடிட்டுல கேட்டா யாரு கெடுத்தான்னு என்ன சொல்லுவீரு?"

ஆகவே நயம் எண்ணெயே வந்தது. பூதத்தான் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்று வண்டலும் எட்டுக் குடம் தாமிரபரணித் தண்ணீரும் கொண்டுவந்தான். கீலுக்கு வண்டிப்பேட்டையில் அச்சு மசகை வழித்து வாங்கினார்கள். எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு அவன் துடுப்பால் கிண்டினான். சூப்பிரண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "போதுமான அளவு அசுத்தம்" என்று சான்று எழுதினார். பிறகு பொடியைச் சரிபாதி கொட்டினார்கள். அண்டாவில் இருந்தது களி மாதிரி இறுகியது.

"அய்யா," என்றான் பூதத்தான், "இதுல இருந்து திரும்ப எண்ணெய எடுக்கதுக்கா இவ்வளவு பாடு?"

"ஆமா."

"மொதல்லயே எண்ணெயாத்தான இருந்துச்சு?"

"ஏலே, துடுப்பக் கழுவி வையி," என்றார் தேவசிகாமணி. அந்தக் கேள்வி அவருக்கும் இருந்தது. ஆக்டிங்கில் இருப்பவன் கேட்கக்கூடிய கேள்வியில்லை.

இனிச் சுத்திகரிக்க வேண்டும். துணியில் வடித்தால் துணிதான் எண்ணெய் குடித்தது. அதைவிட நெருக்கமான வடிகட்டி இந்தச் சீமையில் ஒன்றே ஒன்றுதான்: பத்தமடைக் கோரைப்பாய். அதிலும் கல்யாணத்துக்கென்று நெய்கிற பாய், சுருட்டினால் கைக்குட்டை போல அடங்கும், ஊசி நுழையாது. தேவசிகாமணி வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. ஓரத்தில் இரண்டு பேர் பெயரும் நெய்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் இருந்து, கண்ட கண்ட விருந்தாளிக்கும் விரிக்கப்படாமல் தப்பித்த பாய்.

சாரம்மாள் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். "இதுல வடிச்சா நிரந்தரம் ஆயிருவீங்களா?"

"வேலை முடிஞ்சதுன்னு அறிக்கை போவும்."

"நான் கேட்டது அது இல்ல."

"அறிக்கை போனா ஆவேன்னு விதி சொல்லுது."

"சரி. எம் பேரு இருக்க பக்கத்தை மேல வச்சுக் கட்டச் சொல்லுங்க. கீழ வச்சா அழுக்கு முழுக்க எம் பேருலதான் எறங்கும்."

பாயை நாலு மூலையும் கட்டிக் களியை அதில் ஏற்றினார்கள். இரண்டு நாள் சொட்டியது. கீழே வந்தது கண்ணாடி போல இருந்தது. நிறமில்லை, நாற்றமில்லை, பிசுக்கில்லை. இப்படி ஒரு சுத்தத்தை அந்த இலாகா கண்டதில்லை. எண்ணெய் முழுவதும் பொடியோடும் வண்டலோடும் பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டது என்பதும், இறங்கியதெல்லாம் குறுக்குத்துறைத் தண்ணீர் என்பதும் அறிவியல் விவரங்கள். நமூனாவில் அறிவியலுக்கு இடமில்லை.

அரிக்கன் விளக்கில் ஊற்றித் திரியை நனைத்தார்கள். தேவசிகாமணி தீக்குச்சி கிழித்தார். ஒரு பெட்டி தீர்ந்தது.

"எரியமாட்டேங்கு அய்யா."

"எரியுதா இல்லியான்னு உம்மகிட்ட யாரு வே கேட்டா? நமூனாவ எடும். கேட்டதுக்குப் பதில் சொல்லும். புகை உண்டா?"

"இல்ல அய்யா."

"நாத்தம்?"

"இல்ல."

"கண்ணாடியில கரி?"

"இல்ல. பளிச்சுன்னு இருக்கு."

"தீ விபத்து?"

"விபத்துக்கு வழியே இல்ல அய்யா."

"ஒரு ராத்திரிக்கு எண்ணெய் செலவு?"

தேவசிகாமணி விளக்கைத் தூக்கி அளவு பார்த்தார். "ஒரு சொட்டும் குறையாது."

"அஞ்சு கட்டம். அஞ்சும் சத்தியம். வெளிச்சம்னு ஆறாவது கட்டம் இருக்கா?"

புரட்டிப் பார்த்தார். இல்லை. முன்னும் பின்னும் பார்த்தார். அச்சடித்தவனுக்கு அது தோன்றவில்லை. விளக்கு என்றால் வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துவிட்டான் பாவம். தேவசிகாமணி பேனாவை மையில் தோய்த்து, ஒரு பொய்யும் சொல்லாமல், ஐந்து கட்டத்தையும் நிரப்பினார்.

சென்னப்பட்டணத்தில் அந்த அறிக்கையைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் படித்தார்களாம். புகை இல்லை, கரி இல்லை, விபத்து இல்லை, செலவே இல்லை. எண்ணெய்க் கிணறு உள்ள ஜில்லாக்களுக்கே வராத முடிவு, கிணறே இல்லாத ஜில்லாவிலிருந்து வந்திருக்கிறது. உடனே ஓர் உத்தரவு பிறந்தது: இலாகாக் கச்சேரிகளின் சுவருக்குள் இனி இந்த எண்ணெய் தவிர வேறு எண்ணெய் கூடாது. அவற்றைச் சுற்றிப் பத்து அடிக்குள் அங்கீகாரமற்ற விளக்கைக் கொண்டுவரும் சிப்பந்தி அன்றைக்கே எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும்.

சர்க்கார் ஒன்றை உபயோகிக்கிறது என்றால் டவுண் பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஐப்பசி முடிவதற்குள் பொடிவிளக்கு இல்லாத கூடம் கூடமில்லை என்றாகிவிட்டது. வக்கீல் வீட்டில் இரண்டு, மிராசுதார் வீட்டில் நாலு. அந்தி சாய்ந்தால் கூடத்தில் பொடிவிளக்கை மாட்டிவிட்டு, எல்லோரும் அடுக்களைக்குள் போய்ப் புன்னையெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். வந்தவர்கள் கூடத்தில் தடுமாறி நின்று, "கண்ணாடியைப் பாத்தியளா, ஒரு பொட்டுக் கரி உண்டா" என்பார்கள். அந்த எண்ணெயைக் கடையில் வாங்கி விற்ற மீரா முகைதீனுக்கு மட்டும் ஒரு குறை. "நல்லா விக்கி ரைட்டரய்யா. ஆனா ஒருத்தனும் ரெண்டாந்தரம் வாங்க வரமாட்டேங்கான். தீரவே மாட்டேங்காமே."

எல்லாம் நடந்தது. நிரந்தர உத்தரவு மட்டும் வரவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்து மழை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தந்தி வந்தது. கச்சேரிக்குள் முகம் தெரியவில்லை. மேஜைமேல் பொடிவிளக்கு ஒரு பொட்டுக் கரியில்லாமல் இருந்தது. தேவசிகாமணி தந்தியை வாசல்வரை கொண்டுபோய், இருந்த கொஞ்ச வெளுப்பில் வாசித்தார்.

"ரைட்டரை நிரந்தரமாக்கச் சித்தம். நமூனாவில் ஒரு கட்டம் விடுபட்டது. வெளிச்சம் பற்றி எழுதி, இன்றிரவு ஏழு மணி மெயிலில் அனுப்பவும். தவறினால் பழைய விதிப்படி."

திரும்ப இருட்டுக்குள் வந்து சூப்பிரண்டிடம் சொன்னார். வெளிச்சம் இல்லை என்று எழுதினால் அறிக்கை போச்சு, வேலை போச்சு. உண்டு என்று எழுதினால் பத்துக் கட்டளையில் ஒன்று போச்சு. அதற்கும் முன்னால், எதை எழுதவும் பேனா தெரியவேண்டும்.

"அய்யா," வாசலில் பூதத்தானின் குரல். "எங்க வீட்டுப் புன்னையெண்ணெய் விளக்கக் கொண்டாந்திருக்கேன்."

"உள்ள வராத லே," என்றார் சூப்பிரண்டு. "அங்கீகாரம் இல்லாத எண்ணெய்."

"அப்ப ரைட்டரய்யா வெளிய வந்து எழுதட்டும்."

"அஞ்சு மணிக்கு மேல உறையில போடாத காகிதம் சுவருக்கு வெளிய போவக்கூடாது."

பூதத்தான் கொஞ்சம் யோசித்தான். அந்தக் கச்சேரியில் அதற்கென்று சம்பளம் வாங்காதவன் அவன்தான். சுற்றிப்போய்ச் சன்னலுக்கு வெளியே நின்று, விளக்கின்மேல் ஓலைக்குடையைப் பிடித்தான். குடை விளக்குக்குத்தான் போதுமாக இருந்தது. கம்பிகளுக்கு இடையே மஞ்சளாக ஒரு வெளிச்சம் மேஜைமேல் விழுந்தது. நமூனா தெரிந்தது. பேனா தெரிந்தது.

தேவசிகாமணி எழுதாமல் இருந்தார்.

"என்ன வே?"

"பொய் எழுத வரமாட்டேங்கு அய்யா."

"பொய் யாரு எழுதச் சொன்னா? மேஜைமேல விளக்கு இருக்கா?"

"இருக்கு."

"எழுத்துத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப வெளிச்சம் உண்டா இல்லியா? எங்கன இருந்து வருதுன்னு கட்டம் கேக்கா?"

கட்டம் கேட்கவில்லை. தேவசிகாமணி எழுதினார்: "வெளிச்சம் உண்டு. எழுதவும் படிக்கவும் போதுமானது." வாசித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் பொய்யில்லை. பத்து வருஷம் அவர் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. சாரம்மாளின் காலண்டரைத் திருப்பி மாட்டலாம்.

உறையை ஒட்டியாயிற்று. சூப்பிரண்டு எழுந்து சட்டையை உதறினார். "நிரந்தரம் ஆயிட்டீரு வே. நிரந்தர உத்தியோகஸ்தர் செய்யவேண்டிய மொத வேலை ஒண்ணு இருக்கு. அங்கீகாரமில்லாத விளக்கு, பத்தடிக்குள்ள. இன்னைக்கே விளக்கம் கேட்டு மெமோ போவணும். எழுதும்."

"அய்யா, அவன்லா..."

"சட்டத்த நான் எழுதல வே. உம்ம அறிக்கையப் பாத்துத்தான் எழுதுனான்."

தேவசிகாமணி சன்னலைப் பார்த்தார். வெளியே பூதத்தான் தோளில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கை மட்டும் அசையவில்லை.

"முடிஞ்சிட்டா அய்யா? கை கடுக்கு."

"இன்னும் ஒண்ணு பாக்கி."

"சர்க்கார் காரியமா?"

"ஆமா."

"அப்பச் சரி."

தேவசிகாமணி புதுத்தாள் எடுத்தார். தேதி போட்டார். 'கீழ்க்கண்ட சிப்பந்திக்கு' என்பதுவரை எழுதினார். அதற்குக் கீழே தாள் மங்கலாக இருந்தது.

"ஏலே பூதத்தான்," என்றார், தலையை நிமிர்த்தாமல். "விளக்கக் கொஞ்சம் கிட்டப் பிடி. பேரு எழுதுத எடம் தெரியமாட்டேங்கு."

பூதத்தான் இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தான்.