பாதி டிக்கெட்டில் பெண் பார்த்த கதை

ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருவன் படித்துவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. எப்படித் தும்ம வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுக்க வந்துவிடுவான். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னையும் நிலக்கடலையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். பெரியப்பா அதையும் அவசியமில்லை என்று விட்டுவிட்டவர். நான் பொருளியலில் எம்.ஏ. முடித்து, பாலக்காட்டில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். (வீட்டில் இருப்பவர்கள் ‘தற்காலிக’வை விழுங்கிவிட்டு ‘புரபசர்’ என்றுதான் ஊருக்குச் சொல்வார்கள். நானும் திருத்தியதில்லை.)

அந்தச் சமயத்தில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் பவித்ரா. ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை. போட்டோவைப் பார்த்த அன்றே என் கதை முடிந்துவிட்டது. ஜாதகம் சரி, தோட்டம் துரவு சரி, இனி நேரில் பார்த்துப் பெண் வீட்டார் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பதாக இருந்தால்கூட மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு சிரிப்பார் போன்ற முகம்.

அப்போதுதான் என் போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. பாலக்காட்டில், எங்கள் அப்பாக்கள் வாலிபத்தில் இருந்த காலத்துத் தமிழ் மேடை நகைச்சுவை நாடகம் ஒன்றை மறுபடி போடுகிறார்கள். (பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குழு இன்னும் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருக்கிறது. என்னை அவர்கள் மறந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.) குடும்பமாக எட்டுப் பேர் வந்தால் டிக்கெட் பாதி விலை.

எங்கள் பக்கம் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான். அவர்கள் பக்கம் அப்பா, அம்மா, பெண். கூட்டினால் எட்டு. பொருளியல் படித்தவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்?

“பொண்ணு பாக்கறதுன்னா அவிய ஊட்டுக்குப் போகோணும், பஜ்ஜி தின்னோணும், திரும்பி வரோணும். நாடகக் கொட்டாயில போயி என்னத்தடா பாக்கறது?” என்றார் பெரியப்பா.

“ஒரு பொண்ணைத் தட்டோட நடந்து வரச்சொல்லி எல்லாரும் உக்காந்து பாக்கறது நாகரிகமில்லீங்க பெரியப்பா.”

“அப்ப பஜ்ஜி கெடையாதா?” என்று அப்பா கவலைப்பட்டார்.

ஆச்சரியமாக, பெண் வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். பொது இடம், யாருக்கும் சங்கடமில்லை என்று சூப்பிரண்டு சொன்னாராம். பாதி விலை என்பதும் அவருக்குப் பிடித்திருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

அன்று சாயங்காலம் வேனில் போகும்போதே என் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த நாடகமெல்லாம் மாரியம்மன் நோம்பிக்குப் போடுகிற நாடகம். விசிலடிப்பார்கள், கடலை உரிப்பார்கள், வில்லனை எழுந்து நின்று திட்டுவார்கள். நான் விளக்கினேன். இது படித்தவர்கள் பார்க்கிற நாடகம். விசில் கூடாது. தின்பண்டம் கூடாது. பக்கத்து ஆளோடு பேசக்கூடாது. சிரிப்பு வந்தாலும் வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. லேசாகப் புன்னகைக்க வேண்டும்.

“காமெடி நாடகம்னு சொன்னியே, சாமி?” என்றாள் அம்மா.

“காமெடிதாம்மா. ஆனா உள்ளுக்குள்ள ரசிக்கோணும்.”

(நான் அதற்கு முன் எந்த அரங்கத்திலும் நாடகம் பார்த்ததில்லை. இதெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்ட நாகரிகம். ஒருத்தரும் கேட்கவில்லை, புரபசர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.)

டிக்கெட் கொடுக்கும் மேசையில் கல்பாத்தி அக்ரஹாரத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் எட்டுப் பேரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“சலுகை ஒரே குடும்பத்துக்காக்கும், கேட்டேளா? நீங்க எல்லாரும் ஒரே குடும்பந்தானே?”

“இன்னும் இல்லீங்க. ஆகப்போறோமுங்க” என்றேன்.

பின்னால் சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார். பவித்ரா குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டாள். பெரியவர் மட்டும் பலமாகச் சிரித்துவிட்டு எட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

முன்னாலிருந்து மூன்றாவது வரிசை. ஓரத்தில் பெரியப்பா, அப்புறம் பெரியம்மா, அப்பா, அம்மா, நான். ஒரு நாற்காலியை மரியாதைக்காக விட்டுவிட்டுப் பவித்ராவின் அப்பா, அம்மா, கடைசியில் பவித்ரா. திரை தூக்கினார்கள். கதை சாதாரணக் கதைதான். ஒரு வீட்டுக்காரர் மனைவியோடு சண்டை போட்டு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறார். அதன் பிறகு கதவைத் தட்டுகிறவர்களையெல்லாம் சமையல்காரன் என்றே நினைத்து நேர்காணல் செய்கிறார். வீட்டுக்காரராக நடித்தவர் வயதானவர், கைதேர்ந்தவர். அவர் புருவத்தைத் தூக்கினால் போதும், அரங்கம் அதிர்ந்தது. சபைக்கு வந்திருந்த மாமிகள் பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம். அவர் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தார்கள். பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சூப்பிரண்டுகூட மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம் போட்டார்.

எங்கள் ஐந்து பேர் மட்டும் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சைப் பிடித்து முகம் சிவந்து, வலிப்பு வந்தவர் போல விறைத்திருந்தார். பெரியம்மா கண்ணையே மூடிக்கொண்டுவிட்டாள். நான் உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கி வைத்திருந்தேன். பவித்ரா ஒருதரம் என் பக்கம் திரும்பினாள். அந்தப் புன்னகையைப் பார்த்து, “உடம்பு சரியில்லீங்களா?” என்று அப்பா அம்மாவைத் தாண்டி எட்டிக் கேட்டாள்.

“நல்லாருக்கனுங்க. ரசிச்சிட்டிருக்கேன்.”

மேடையில் இருப்பவருக்கு எது கண்ணில் படுமோ அது பட்டுவிட்டது. முழு அரங்கமும் உருண்டு புரளும்போது மூன்றாவது வரிசையில் ஐந்து பேர் மட்டும் சிரிக்காமல் இருந்தால் எந்த நடிகருக்குத்தான் பொறுக்கும்? அவர் ஒவ்வொரு வசனத்தையும் எங்களைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தார். குரலை ஏற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை விளிம்புவரை வந்து பெரியப்பாவின் முகத்துக்கு நேராக நின்று ஒரு வசனத்தை இரண்டாவது முறையும் சொன்னார். வியர்த்து ஊற்றியது.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நோம்பி நாடகத்தில், நன்றாக நடிப்பவருக்கு ஊர்ப் பெரிய மனிதர் மேடையேறித் துண்டு போர்த்துவார். நடந்துகொண்டிருக்கும் காட்சி எதுவானாலும் அப்படியே நிற்கும். நடிகர் மைக்கைப் பிடித்து இன்னார் அன்போடு போர்த்தினார் என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். போர்க்களத்தில் செத்துக் கிடப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் செத்துப்போவார். ஒரு நடிகர் ஒருவரை விடாமல் பார்த்து நடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: துண்டு எங்கே?

எங்கள் ஊரில் துண்டு போர்த்துகிறவர் பெரியப்பா. விசில், கடலை எல்லாவற்றையும் தடை செய்த நான், மேடையேறக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை.

“பாவம் அந்த மனுசன், வந்ததுலருந்து நம்ம மூஞ்சியவே பாக்கறான். நாம ஒண்ணுஞ் செய்யாம உக்காந்திருக்கோம்” என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டே பெரியப்பா எழுந்தார். மடியிலிருந்து புதுத் துண்டு ஒன்று வெளியே வந்தது. நான் “பெரியப்பா, பெரியப்பா” என்று கிசுகிசுப்பதற்குள் பக்கவாட்டுப் படியில் கால் வைத்துவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் மேடையின் முன்பக்கமாக நேராக நடிகரிடம் போய்விட்டார். நான் பதற்றத்தில் படியேறி இடது பக்கம் திரும்பினேன். எதிரில் ஒரு கதவு. தள்ளினேன். அது வீட்டுக்காரரின் வீட்டு வாசல் கதவு. அதாவது, நாடகத்துக் கதவு.

உள்ளே வந்தபோது ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடிகரின் தோளில் பளபளவென்று சிவப்புத் துண்டு. பக்கத்தில் கைகட்டி, நன்றி அறிவிப்புக்காகப் பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். நடிகர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நாற்பது வருட மேடை அவர் முகத்தில் விழித்துக்கொண்டது.

“வாப்பா. நீயும் சமையல் வேலைக்குத்தானா?”

இந்த இடத்தில் கெட்டிக்காரன் எவனாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். பெரியவர்கள் கேள்வி கேட்டால் கைகட்டி உண்மையான பதில் சொல்வேன்.

“இல்லீங்க. நான் எம்.ஏ. எகனாமிக்ஸ் படிச்சிருக்கனுங்க.”

அரங்கம் வெடித்தது.

“எங்க குடும்பத்துலயே மொத எம்.ஏ.ங்க” என்று பெரியப்பா பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். சாம்பார் வைக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“ரசம்?”

“சுடுதண்ணி வெப்பனுங்க.”

“அப்ப எதுக்குய்யா வந்தே?”

“பொண்ணு பாக்கறதுக்குங்க.”

சிரிப்பு அடங்கவே இல்லை. நடிகர் கண்ணீரைப் புதுத் துண்டால் துடைத்தபடி, “என் வீட்ல ஏதுய்யா பொண்ணு?” என்றார்.

“இங்கில்லீங்க. அங்க உக்காந்திருக்காங்க” என்று நான் கையை நீட்டிக் காட்டினேன்.

விளக்குப் போடுகிறவர் யாரோ தெரியவில்லை, தொழிலில் ரொம்ப சுறுசுறுப்பானவர். என் விரல் போன திசையில் வெளிச்சத்தைத் திருப்பினார். வட்டத்துக்கு நடுவே, ஓய்வு பெற்ற சூப்பிரண்டு, நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றியபடி. பவித்ரா பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேடையிலிருந்து தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் சூப்பிரண்டு என்னைப் பார்க்காமல் என் அப்பாவிடம், “நாங்க சொல்லியனுப்பறமுங்க” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எம்.ஏ. படிக்காதவர்களுக்கும் தெரியும். வேனில் திரும்பினோம். எல்லையோரத்து டீக்கடை ஒன்றைத் தாண்டும்போது அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வர, “சுடுதண்ணி வெப்பனுங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பவித்ராவின் முகம் போட்டோவில் இருந்த மாதிரியே கண்ணில் நின்றது.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா சித்தூருக்குப் போனார். துண்டு போர்த்தினதுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். அங்கே சூப்பிரண்டு சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று.

“பையன் மேல குத்தமில்லீங்க. ஆனா நாடகத்துல நடிக்கற பையன்னு எங்ககிட்ட மறைச்சுப்போட்டீங்க பாருங்க, அதுதான் மனசுக்குச் சங்கடம். கதவு வழியா கரெக்டா வர்றாரு. கேட்ட கேள்விக்கு டக்கு டக்குனு பதில். எங்க மேல அடிக்கறதுக்கு லைட்டுகூட ஏற்பாடு. இன்னைக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊருன்னு போற ஆளுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?”

“ஐயோ, அவனுக்கு நடிக்கவே வராதுங்க. பள்ளிக்கூடத்துல மரமா நிக்கச் சொன்னதுக்கே அழுதவனுங்க” என்றாராம் பெரியப்பா.

“நானு கண்ணால பாத்தனுங்களே. அத்தன பேரு சிரிக்கறாங்க, மூஞ்சில ஒரு சலனமில்ல. தேர்ந்த நடிகனால மட்டுந்தானுங்க அது முடியும்.”

பயத்தில் உறைந்துபோன என் முகத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு. அது என் கல்யாணத்தையே நிறுத்தியிருந்தது. நாங்கள் மறுக்க மறுக்க அவருடைய சந்தேகம் பலமானது. நடிகன் இல்லை என்பதற்கு எந்த அலுவலகத்தில் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?

அதற்கு அடுத்த நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “நான் பவித்ரா பேசறேன்.” நான் எழுந்து நின்றுவிட்டேன். “அதே நாடகத்த ஞாயித்துக்கெழம பொள்ளாச்சில போடறாங்களாம். எங்கப்பாவக் கூட்டிட்டுப் போறேன்.”

“எதுக்குங்க?”

“நீங்க அந்தக் கதவத் தெறந்துட்டு வர்றீங்களான்னு அவரே பாக்கட்டும்.”

“நான் வரமாட்டனுங்களே.”

“அதுதாங்க வேணும். ஊட்லயே இருங்க. உங்க பெரியப்பாவயும் பத்திரமாப் புடிச்சு வெச்சுக்குங்க.”

“அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களா, அழுதீங்களா?”

“ரசிச்சிட்டிருந்தேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோப்புக்குள்கூடப் போகவில்லை. பொள்ளாச்சிப் பக்கமாகப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டால்கூட வீட்டுக்குள் வந்துவிட்டேன். மறுநாள் காலை சூப்பிரண்டே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்ததாம். யாரோ ஒரு மீசைக்காரர் வந்தாராம். எம்.ஏ.வும் இல்லை, சுடுதண்ணியும் இல்லை. “அந்த எடத்துல நாடகம் சப்புனு போச்சுங்க. உங்க பையன் நெசமாலுமே அப்படித்தானாட்ட இருக்குது” என்றார். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம்.

இப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். எந்த விசேஷத்திலும் மாமனார் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி எழுவதில்லை. சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. கல்யாண விருந்தில் நான் நாலு வரி பேசினேன். வளைகாப்பில் அது அரை மணி நேரமானது. போன மாதம் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கதாநாயகனே நான்தான். அந்தப் பழைய நடிகரும் எனக்குத் துணையாகப் பரவாயில்லாமல் நடித்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது. “நடிப்பெல்லாம் இல்லீங்க மாமா, பயத்துல கையுங்காலும் ஓடாம நின்னனுங்க” என்றேன்.

மாமனார் பக்கத்து இலைக்காரரின் கையைத் தொட்டார்.

“பாத்தீங்களா, இப்பவும் என்னமாப் பண்றாரு பாருங்க” என்றார்.