போகியன்று காரைப் பழசு என்று சொன்னது

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும். சொல்ல வந்ததில் பாதி நடுவிலேயே மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் தேடினாலும், காரின் மனசு கோணக்கூடாது என்று பயந்து பயந்து வாழ்ந்த டிரைவர் ‘எறங்குங்க’ ஒருத்தர்தான்.

அது அவர் பெயர் இல்லை, அவர் அதிகமாகச் சொல்கிற வார்த்தை. யாரோ ஒருவருடைய பிளசர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மேடு வந்தால் “எறங்குங்க” என்பார். மழை வந்தாலும் “எறங்குங்க” என்பார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்தக் காரில் போன தூரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு போன தூரம்தான் ஜாஸ்தி.

வண்டிக்குக் காது கேட்கும் என்பது அவர் கட்சி. அதனால் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதைக் குறை சொல்லக் கூடாது. நைனார்பாளையத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போகும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, “இன்னாப்பா, உன் வண்டி இந்த இருமு இருமுது?” என்று கேட்டுவிட்டார். வண்டி நின்றுவிட்டது. அவர் நிறுத்தினாரா, அதுவாக நின்றதா, யாருக்கும் தெரியாது. பெரியப்பாவின் கையைப் பிடித்து இருபது அடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, “இங்க நின்னு இன்னா வேணா திட்டிக்கோங்க. அது எதுருல வாணாம். ரோஷக்காரி” என்றாராம். மெக்கானிக்கிடம் போனாலும் கோளாறை வாயால் சொல்ல மாட்டார். சீட்டில் எழுதி நீட்டுவார். மெக்கானிக் அதைச் சத்தமாகப் படித்துவிட்டால் போச்சு, வண்டியை வேறு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் மூத்த பெண்ணை மலைமேல் கரியாலூரில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்திருந்தோம். அது அவளுக்குத் தலைப் பொங்கல். தாய்வீட்டுச் சீரில் வருகிற புதுப்பானையில்தான் பெண் பொங்கல் வைக்க வேண்டும். கல்யாணத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலில் சம்பந்தியம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்: “போகியன்னிக்கி வெளக்கு வெக்கறதுக்குள்ள சீர் வந்தா ஒங்கூட்டுப் பானை. வராங்காட்டி எங்கூட்டுப் பானையிலயே வெச்சிக்கிறோம்.” இது சின்ன விஷயம் இல்லை. மாமியார் வீட்டுப் பானையில் தலைப் பொங்கல் வைத்தவளைக் கேட்க நாதியில்லாதவள் என்பார்கள். கிழவியாகிற வரைக்கும் அந்தப் பேச்சு போகாது.

அறுப்பு வேலை முடிந்து நாங்கள் கிளம்பவே போகியாகிவிட்டது. பானையும் கரும்புக் கட்டுமாக அன்றைக்கு பஸ்ஸில் ஏற முடியாது. வேறு வழியில்லாமல் ‘எறங்குங்க’வைக் கூப்பிட்டோம். ஏறும்போதே எனக்கு எச்சரிக்கை வந்தது.

“அண்ணி, இன்னிக்கி போகி. பழசுன்ற வார்த்தை மட்டும் யார் வாயிலயும் வரக்கூடாது. தெருவுக்குத் தெரு பழசைப் போட்டுக் கொளுத்திக்கினு இருக்கறத அதுவும் பாத்துக்கினுதான் வருது. பயந்து கெடக்குது.”

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. வண்டியை அணைத்தால் அந்தக் கூட்டத்தில் தள்ளிக் கிளப்ப முடியாது என்று அவர் நிறுத்தவே இல்லை. நாங்கள் குதித்து இறங்கிச் சாமான் வாங்க, அவர் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றுக்கு ஒரு சாமான். முதல் சுற்றில் மஞ்சள் கொத்து, அடுத்ததில் வெல்லம். மூன்றாவதில் நான் கூடவே ஓடி ஜன்னல் வழியாகப் பானையை நீட்டினேன். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பானை, “ஆச்சி, அடுத்தது இன்னா?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். கரும்பு மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. ஏழாவது சுற்றிலோ எட்டாவது சுற்றிலோ என் வீட்டுக்காரர் கரும்புக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து உள்ளே பாய்ந்தார். ஊர் எல்லை வரைக்கும் அவர் காலும் கரும்புத் தோகையும் வெளியேதான் ஆடிக்கொண்டு வந்தன.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. வண்டி முக்கியது, முனகியது, சூடாகி நாற்றம் அடித்தது. கழுத்தில் கரும்பு குத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மூன்றாவது வளைவில் பொறுமை இழந்தார்.

“இந்தப் பழய டப்பாவக் காத்தாலயே நெருப்புல போட்டிருக்கணும்!”

‘பட்’ என்று ஒரு சத்தம். முன்னாலிருந்து ஆவி குபுகுபு என்று வந்தது. வண்டி நின்றுவிட்டது.

 அப்புறம் முன் சீட்டிலிருந்து மெதுவாக வந்தது: “எறங்குங்க.”

இறங்கினோம். ‘எறங்குங்க’ ஒரு கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணன் மன்னிப்பு கேக்காம நான் மூடியத் தொறக்கமாட்டேன்.”

“ஒங்கிட்டயா?”

“எங்கிட்ட இன்னாத்துக்கு? அதுங்கிட்ட.”

“தகரத்துகிட்டப் போய் மன்னிப்பு கேக்கறதா? ஆளப் பாத்துப் பேசு!”

“பாத்தீங்களா அண்ணி, மறுபடி தகரம்ன்றாரு.”

வெயில் மரத்து உச்சிக்குப் போய்விட்டது. நான் வெளி ஆள் எதிரில் வாய் திறக்காதவள். வீட்டுக்காரரிடமே தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவேன். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “இன்னாங்க, பொண்ணு பானை வெக்கணுமா, இல்ல நீங்க மொறச்சிக்கினு நிக்கணுமா?” என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்தார். கார் மூக்கைத் துடைத்தார். “சரி சரி, மனசுல வெச்சிக்காத” என்றார். அதற்குப் பிறகும் வெகுகாலம் என்னோடு குடும்பம் நடத்தினார். என்னிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

கொதிக்கிற வண்டியின் தண்ணீர் மூடியை உடனே திறந்தால் முகம் வெந்துவிடும், ஆறும் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பிற்பாடு ஒரு லாரிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தைத்தான் ‘எறங்குங்க’ அப்படி ஓட்டினார் போலிருக்கிறது. யாருடைய காரையோ, யாரோ செய்யாமல் விட்ட ரிப்பேரோடு ஓட்டி, ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் பேச்சு வாங்குகிற பிழைப்பு. வண்டிக்குக் காது கேட்கும் என்றாரே, எந்தக் காதை நினைத்துச் சொன்னாரோ.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து கிடந்தது. நான் சீர்த் தட்டிலிருந்து மாப்பிள்ளை வேட்டியை எடுத்து, “இதக் கிழிச்சிக் கட்டுங்க” என்றேன்.

“சீருல கை வெக்கக் கூடாது அண்ணி” என்றார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பொங்கலுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த வேட்டி. மடிப்புக்கூடக் கலையவில்லை. பல்லால் கடித்து ஒரு நீளத் துண்டைக் கிழித்து, முறுக்கி, பெல்ட்டாகக் கட்டினார். வளைவோரக் குடிசையிலிருந்து ஒரு அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு போனதும் துண்டு அறுந்தது. இன்னொரு துண்டைக் கிழித்தார். அதுவும் அறுந்தது. அப்படியே கிழித்துக் கிழித்து அந்த வேட்டி மலை ஏறியது. கரியாலூர் போய்ச் சேரும்போது மிச்சமிருந்தது கரை மட்டும்தான். அதற்குள் இருட்டிவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார், பக்கத்தில் என் மகள். மாடத்தில் விளக்கு இல்லை.

“தீப்பெட்டி நமுத்துப்போச்சி. இன்னும் வெளக்கே வெக்கல. பானைய எறக்குங்க” என்றார் சம்பந்தியம்மா. உள்ளே அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

என் மகள் பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிடச் சொன்னதற்கு ‘எறங்குங்க’ நிற்கவில்லை. “குளுருல நின்னா அதுக்குச் சளி புடிக்கும்” என்று சொல்லி, இன்ஜினை அணைத்தபடியே சரிவில் உருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பானை பொங்கியது. எல்லாரும் கும்பிட்டோம்.

அது மூன்றாவது வளைவா, நாலாவதா? வண்டி வெள்ளையா, சாம்பலா? எனக்கு எல்லாம் குழம்புகிறது. விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்படியே, அந்தப் பொங்கல் காலையில் அந்த மனுஷர் என்ன கட்டிக்கொண்டு நின்றார் என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அது தெரியாமலே எனக்கு இத்தனை பொங்கல் போய்விட்டது.