போஸ்ட்போன் ஆன திராட்சை

அன்றைக்கு வேலை ஒன்றுதான். தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்ட வேண்டும்.

பழம் கனிந்து நின்றது. மழை விழுந்தால் வெடித்துவிடும். பிறகு ஈதான் வாங்கும், வியாபாரி வாங்கமாட்டார். வெட்டுவதற்கு, பன்னிரண்டு வருடமாக என் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வரும் பேச்சியம்மாளிடம் சொல்லி வைத்திருந்தேன். பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏழரைக்கு வருவார். பத்து மணிக்கு வியாபாரியின் வண்டி வரும். காமயகவுண்டன்பட்டியில் இதைவிட எளிய வேலை கிடையாது.

அதைக் கெடுத்தது என் இங்கிலீஷ்.

ஐம்பத்து நாலு வயதில் எதற்கு இங்கிலீஷ் என்று கேட்பீர்கள். மகளின் கல்லூரி விழாவில் ஒரு பேராசிரியை என்னிடம் ஏதோ கேட்டார். "யெஸ், வெரி குட்" என்றேன். "வர்றதுக்கு ரொம்பச் சிரமமா இருந்துச்சா" என்றுதான் கேட்டிருக்கிறார். மகள் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்தாள். மறுநாளே வாட்ஸப் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

தினமும் காலையில் ஒரு வினைச்சொல் வரும். அதை உயிருள்ள மூன்று பேரிடம் பேசி, பதிவு செய்து அனுப்ப வேண்டும். மாட்டிடம் பேசினால் கணக்கில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்றைய சொல், போஸ்ட்போன். தள்ளி வைப்பது.

முதல் ஆள் மனைவி. இட்லித் தட்டோடு வந்தாள்.

"ஐ போஸ்ட்போன் மை இட்லி."

வந்த வழியே தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். "இட்லி நல்லால்ல" என்று தமிழில் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் பதில் வந்திருக்கும்!

இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்துத் துரை. என் மருந்தடிக்கும் மிஷினை மூன்று வருடமாக இரவல் கேட்பவர். மூன்று வருடமாக எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

"ஐ போஸ்ட்போன் தி மிஷின்" என்றேன்.

தூக்கிய மிஷினை அப்படியே கீழே வைத்தார். "சரிங்க மாமா" என்று கிளம்பினார். அவர் என்னை 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

ஏழு மணிக்குப் பேச்சியம்மாள் போன் செய்தார். "அண்ணே, ஆளுக எல்லாம் வந்தாச்சு. வண்டி ஏறவா?"

பதிவை அமுக்கினேன். தொண்டையைச் செருமினேன். "டுடே வீ போஸ்ட்போன் தி கட்டிங்."

"சரிண்ணே." போன் வைக்கப்பட்டது.

நான் என்ன செய்தேன்? என் குரலையே நான்கு தடவை போட்டுக் கேட்டேன். உச்சரிப்பு பிரமாதம். வாத்தியாருக்கு அனுப்பிவிட்டு இட்லி கேட்டேன். போஸ்ட்போன் ஆனது ஆனதுதான் என்றாள் மனைவி.

எட்டு மணி. ஆளைக் காணோம். எட்டரை. மேற்கு மலையில் மேகம் கறுத்தது. போன் போட்டேன்.

"எங்கன இருக்கீக?"

"அனுமந்தன்பட்டில, வேறொரு தோட்டத்துல வெட்டிக்கிட்டு இருக்கோம்ணே. நீங்கதான தள்ளி வச்சீக? வியாபாரிக்கும் சொல்லிட்டேன். வண்டியக் கூடலூருக்குத் திருப்பிட்டாக."

"ஏம்மா, அது சும்மா பழகுறதுக்குச் சொன்னது!"

"பழகுறவுக தமிழ்ல பழக வேண்டியதுதான? தமிழ்ல 'வராத'ன்னு சொல்லிருந்தா, அண்ணன் ஏதோ கோவத்துல இருக்காகன்னு வந்துருப்போம். இங்கிலீசுல சொன்னா முடிவாயிருச்சுன்னுல்ல அர்த்தம்!"

"உனக்கு அந்த வார்த்தை புரிஞ்சுச்சா?"



"பட்டாவுக்கு அலையுறேன்ல, மூணு வருசமா ஆபீசுல அதத்தான சொல்றாக."

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஏன் பேச்சியம்மாளிடம் பேசிப் பழகினேன்? புரியாது என்று நினைத்தேன். வேறு காரணமே இல்லை. பேராசிரியை முன்னால் நான் நின்ற இடத்தில் பேச்சியம்மாளை நிறுத்திப் பார்க்க ஆசை. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் பன்னிரண்டு வருடமாக அவரைப் புரியவில்லை.

யோசிக்க நேரமில்லை. நானும் மனைவியும் கத்தரியோடு பந்தலுக்குள் நுழைந்தோம். பத்துப் பேர் செய்யும் வேலை. பதினொரு மணிக்கு என் கழுத்து மேல் பார்த்தபடியே நின்றுவிட்டது. சாப்பிடாத வயிறு வேறு.

முதல் தூறல் மூக்கில் விழுந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி அடுத்த வரிசையிலிருந்து. "மழைகிட்டயும் இங்கிலீசுல சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இன்னைக்கு எல்லாம் கேக்குதே!"

ஒன்றரை மணிக்குப் பேச்சியம்மாளே வந்தார், பத்துப் பேரோடும். அங்கே அரைநாளில் முடித்துவிட்டாராம். "பழம் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றபடி சேலையை இழுத்துச் செருகினார். மொத்தம் ஏழு வரிசை. ஆறு மூன்று மணிக்குள் காலி. ஏழாவது வரிசையில் கை வைத்தபோது மழை கொட்டியது. அந்த ஒரு வரிசை அப்படியே வெடித்தது. வெட்டிய பழத்தை ஏற்ற, கூடலூருக்குப் போன வியாபாரியின் வண்டி சாயங்காலம் வந்து சேர்ந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றேன். தமிழில்தான்.

பேச்சியம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அது இருக்கட்டும்ணே. நாளைக்கு என்ன வார்த்தைன்னு இப்பவே சொல்லிருங்க. அதுக்குத் தக்கன ஆளுக்குச் சொல்லணும்ல!"