ஐந்து பென்டிரைவும் ஒரு நாற்காலியும்

வயதில் சிறியவரானாலும் பொறுமையில் பெரியவரான மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். மகளும் நீங்களும் நலமென்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய லேப்டாப்பில் இனி விண்டோஸ் ஓடாது என்று, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற ஐந்து வகை லினக்ஸை, ஒன்றுக்கு ஒரு நிறமாக ஐந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தீர்கள். "செருகிப் பாருங்க மாமா, பிடிச்ச ஒண்ணைச் சொல்லுங்க, வந்து நிலையா போட்டுத் தர்றேன்" என்றீர்கள். ஐந்து நாள் வேலை ஐந்து மாதமாகிவிட்டது. முப்பது வருடம் லிஃப்ட் சோதித்தவன் நான். எல்லா மாடிக்கும் ஏறி இறங்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. மஞ்சள் பென்டிரைவில் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, மகிழ்ந்துபோய் அத்தையின் ஒரு மாத ரத்த அழுத்தக் குறிப்பை அடித்து வைத்து அணைத்தேன், மறுநாள் பார்த்தால் அப்படி ஒரு அத்தையே இல்லாத மாதிரி துடைத்துவிட்டிருந்தது. நிலையாகப் போடும்வரை அதற்கு எதுவும் நினைவிருக்காது என்று போனில் சொன்னீர்கள். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன், அதற்குள் மறந்துவிட்டது. சிவப்பில் அணைக்கும் பொத்தான் அகப்படவில்லை, யாரையும் கேட்க வெட்கப்பட்டு பேட்டரி தீரும்வரை காவல் இருந்தேன். கறுப்பில் இருட்டும் மினுக்கும் ஒரு கோடும்தான். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, "கரண்ட் இருக்கு சார், அதுக்குத்தான் பேச மனசில்ல" என்றார். இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் எது நல்லது என்று கேட்டேன். நாற்பது பேர் அடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் குழுவைவிட்டே போனார்கள், என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். நீலத்தைத் திறந்தால் திரை முழுக்க ஒரு ஏரி வரும். பனி மூடிய தண்ணீர், கரையில் ஆளில்லாத படகு. முதல் நாள் நான்கு மணி டீயோடு வந்த அத்தை நின்றபடியே பார்த்தாள். "தண்ணி சில்லுன்னு இருக்கும்ல?" என்றாள். மறுநாள் சமையலறை நாற்காலியை இழுத்து வந்துவிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு "மாத்திரை போட்டாச்சா" என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை, மாப்பிள்ளை. இப்போது தினமும் நான்கு மணிக்கு "இன்னிக்கு எங்கே போறோம்?" என்கிறாள். பச்சையில் மலை, மஞ்சளில் விடியல். எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்போம். படகில் யார் முன்னால் உட்காருவது என்று ஒருநாள் சண்டைகூட வந்தது; அன்று திரை தானாக அணைந்த பிறகும் வெகுநேரம் நாங்கள் அந்தக் கரையில்தான் இருந்தோம்.

ஒன்றை நிலையாகப் போட்டுவிட்டால் நாற்காலி சமையலறைக்குத் திரும்பிவிடுமோ என்று பயம். அதனால்தான் இழுத்தடித்தேன். ஆனால் போன வாரம் அவள் மகளிடம், "உங்கப்பா இன்னும் ஒரு முடிவுக்கு வரல" என்று சொன்னது காதில் விழுந்தது. என் ஆசைக்காக அவளை அலைக்கழிப்பது நியாயமில்லை. எனவே நீங்கள் கொடுத்த பட்டியலில் சுலபமானது என்று அடிக்கோடிட்ட பச்சையே இருக்கட்டும். நீலத்தைச் சொல்ல மனம் வரவில்லை, அந்த ஏரியில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் இருவர் வாழ்க்கையும் நடுவழியில் நிற்காமல் மேலே மேலே போகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். முடிவுக்கு வரலைன்னு நான் குறையாவா சொன்னேன்? சந்தோஷமா சொன்னேன். பச்சையைத் தையல் பெட்டியில ஒளிச்சு வெச்சாச்சு, இப்போ தேடிக்கிட்டு இருக்கார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க, எதையும் போட வேண்டாம். கடல் இருக்கிற லினக்ஸ் ஏதாவது இருந்தா ரெண்டு கொண்டு வாங்க. படகுல முன்னாடி நான்தான்.