பிள்ளையார்பாளையத்தில் அட்டையில்லாத கடைசி ஆள்

அட்டை என்ற பெயரில் எனக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசைப்படியே சொல்கிறேன். வரிசை தப்பினால் போராட்டம் நீர்த்துப்போகும்.

முதலாவது, ரேஷன் அட்டை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் மனைவி பூவம்மாளின் பெயரைப் போட்டுவிட்டார்கள். தவறு என்று மனுக் கொடுத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டார். பிறகு, ‘பதிவு சரியாகவே உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது, வாக்காளர் அட்டை. பெயர் என்னுடையது. முகம் எவனுடையதோ. திருத்தக் கிளம்பினேன். “இருக்கட்டுங்க, இவரு பாக்க லட்சணமாத்தான் இருக்காரு” என்று பூவம்மாள் தடுத்துவிட்டாள்.

மூன்றாவது, நெசவாளர் அட்டை. தறிக்குழியில் காலை விட்டு, கழுத்து வேர்க்க நெய்துகொண்டிருந்தவனிடம், நீ நெசவாளி என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். தறியில் இருந்த புடவையைக் காட்டினேன். புடவை சான்றாகாதாம்.

நான்காவதுதான் ஆதார். பொறுத்தது போதும் என்று எழுந்தேன். திருடனுக்கு எடுப்பதுபோல ஊருக்கெல்லாம் ரேகை எடுக்கிறார்கள். எல்லார் விவரத்தையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினால், களவாணிக்கு ஒரே ஒரு சாவி போதும். பட்டு நெய்து நெய்து ரேகை தேய்ந்த கையை மெஷின் தெரியாது என்று சொன்னால், அந்தக் கைக்குச் சொந்தக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்? துண்டறிக்கை அடித்தேன். கடைசி வரியை நானே எழுதினேன்: ‘எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே!’

எதிர்ப்புக் குழுவும் கண்டேன். ஜரிகை வியாபாரி ஜியாவுதீன் பாய் செயலாளர். அட்டை வாங்கியவர்களும் சேரலாம் என்று விதியைத் தளர்த்திய பிறகுதான் உறுப்பினர்கள் வந்தார்கள். அட்டையே இல்லாதவன் நான் ஒருவன். ஆகவே நான் தலைவன். அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. இருந்த ஒன்றைப் பொன்னைப் போலக் காத்தேன்.

ஐந்தாவது அநியாயம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதாக ஒரு டாக்டர் கிளப்பிவிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக அச்சடிக்கிறார்கள், அவ்வளவுதான். காப்பீட்டில் இலவசமாக ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஆதார் நம்பர் வேண்டும் என்றார் டாக்டர். நான் எழுந்து வந்துவிட்டேன்.

“ஏங்க, நேத்து தெருவுல போன எருமைய வணக்கம் தலைவரேன்னு கும்பிட்டீங்களாமே?”

“அது கருப்புச் சட்டை போட்ட ஆள்னு நெனச்சேன்.”

“நாலு காலோடயா?”

“பூவு, கண்ணே போனாலும் கொள்கை போகாது.”

“கொள்கையா கையப் புடிச்சு உங்கள கக்கூஸுக்குக் கூட்டிக்கினு போவும்? நான்தானே போவணும்?”

“என் உடம்பு விவரமெல்லாம் அரசாங்கத்துக்கு எதுக்குத் தெரியணும்?”

“உங்களுக்கு மூலம்னு தெரு பூரா தெரியும். அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா இன்னா கொறஞ்சுபூடும்?”

“தெருவுக்கு யார் சொன்னது?”

“நீங்கதான். மைக்குல. ஆஸ்பத்திரியைக் கண்டிச்சுப் பேசுன கூட்டத்துல.”

நான் மௌனப் போராட்டம் தொடங்கினேன். பூவம்மாளும் அதன் பிறகு பேச்சை எடுக்கவே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் டீயோடு வந்தாள். டீயில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

“ஸ்கூல்ல முகாம் போட்டுக்கிறாங்க. கண்ணு, சர்க்கரை எல்லாம் இலவசமா பாக்குறாங்களாம்.”

“அட்டை கேப்பாங்களா?”

“சத்தியமா கேக்க மாட்டாங்க. அட்டை இல்லாதவங்களுக்குத்தான் அங்க மொத மரியாதை.”

இப்படி ஒரு முகாமா! வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூட வாசலில் பெரிய மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அதில் கறுப்பு கறுப்பாக ஏதோ எறும்பு ஊர்ந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பூவம்மாளிடம் தோற்றதாகிவிடும். “நல்ல வாசகம்” என்று தலையாட்டினேன். அவளும், “ஆமாங்க, கருத்தா எழுதிக்கிறாங்க” என்றாள்.

உள்ளே கீர்த்தி என்ற பெண் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். பூவம்மாள் முன்னால் போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“ஐயா, நாலு விரலையும் கண்ணாடி மேல வைங்க.”

“சர்க்கரை டெஸ்ட்டுங்க” என்றாள் பூவம்மாள். “இப்பல்லாம் ரத்தம் எடுக்குறதில்ல.”

விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. வைத்தேன்.

“சரியா விழல. நல்லா அழுத்துங்க ஐயா.”

“எப்படிம்மா விழும்? ஆயுசு பூரா பட்டு நெய்ஞ்ச விரல். இதுல சர்க்கரையெல்லாம் ஒட்டாது!”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுத்திப் பிடித்தாள். அடுத்து, பைனாகுலர் மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்து, இமைக்காமல் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஒரு போராளி எதையும் இமைக்காமல் பார்ப்பான். அப்புறம் மூக்குக் கண்ணாடிக்கு முக அளவு வேண்டுமென்று பூவம்மாள் சொன்னதால், நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

கடைசியில்தான் கடினமான பரீட்சை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“ஐயா, எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

திரையில் வெள்ளைப் பனி. பனிக்குள் சில பூச்சிகள். பூவம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொன்னால் ஆபரேஷன் என்பாள். மேலிருந்து கீழாகக் கண்ணை மெதுவாக ஓட்டினேன்.

“எல்லாம் தெளிவா தெரியுதும்மா. ஒரு எழுத்து பாக்கியில்லாம சரியா இருக்குது.”

“அப்ப இங்க ஒரு கையெழுத்து.”

கையெழுத்து இயக்கம் நடத்தியே பழகிய கை. தயங்காமல் போட்டேன்.

மனம் நிறைந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து நாலு வார்த்தை பேசினேன். “என் பொதுவாழ்க்கையில் அரசாங்கம் செய்து நான் பார்த்த ஒரே நல்ல காரியம் இது. ஒருவர் விடாமல் இந்த முகாமைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்!” கைதட்டினார்கள். பூவம்மாள்தான் முதலில் தட்டினாள்.

சில வாரம் கழிந்தது. மூங்கில் மண்டபம் பக்கத்தில் கண்டனக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். வெறும் பேச்சுக்குக் கூட்டம் சேராது. மேடையில் ஓர் அட்டையைக் கிழிக்க வேண்டும். யாரும் தரவில்லை. ஜியாவுதீன் பாயே சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

“பூவு, உன் அட்டையைக் குடு. தியாகம் நம்ம வீட்டுலேருந்து ஆரம்பிக்கட்டும்.”

பிரளயம் வரும் என்று கதவோரமாக நின்றே கேட்டேன். அவளோ அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, ஓர் அட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

“தாராளமா கிழிங்க. ஒண்ணே ஒண்ணு. கிழிக்கறதுக்கு மின்ன யாரு அட்டைன்னு பேரைப் படிச்சுடணும். நாளைக்கு வேற யாருதோன்னு ஜனங்க பேசக் கூடாது.”

என்ன நேர்மை! இத்தனை காலம் இவளைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று கண் கலங்கியது. ஏற்கெனவே கலங்கிய கண்தான்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. பூவம்மாள் முன்வரிசையில். அட்டையை உயர்த்திப் பிடித்தேன்.

“என் விரலை இந்த அரசாங்கம் தொட்டதில்லை! என் கண்ணை இந்த அரசாங்கம் கண்டதில்லை! அட்டையில்லாத கடைசி மனிதன் பேசுகிறேன்! இதோ, என் குடும்பத்து அட்டையையே கிழிக்கிறேன்!”

“பேரு! பேரு!” என்று கீழேயிருந்து பூவம்மாள் குரல் கொடுத்தாள்.

தலைவனே படிப்பது முறையல்ல என்று சொல்லி, அட்டையைச் செயலாளரிடம் நீட்டினேன். பாய் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“வீரபாகு, போட்டோ நமக்குத் தெரிஞ்ச ஆளா இருக்குதேப்பா.”

“அது ஸ்கூல் முகாம்ல எடுத்தது பாய்” என்றாள் பூவம்மாள். மைக் தேவைப்படாத குரல். “குடும்பத் தலைவர் கூட வந்து சொன்னா போதும்னாங்க. போய்ச் சொன்னேன். வெள்ளிக்கெழம ஆபரேஷன். அந்த அட்டைதான் வேணும். கிழிக்கறதா இருந்தா அவரு இஷ்டம். நீங்க சத்தமா படிங்க.”

என் விரல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஜியாவுதீன் பாய் மைக்கைக் கிட்டே இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தார்:

“வீரபாகு. கேர் ஆஃப் பூவம்மாள்.”