தாய்மாமன் திருகிய ஸ்க்ரூ

எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் எப்படி நடந்தது என்று கேட்டால், சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்வார்கள். அக்கா கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்று அந்தோணி மாமா (அம்மாவின் அண்ணன், வெங்காய மண்டிக்காரர்) பந்தியில் கை நனைக்காமல் போனவர், ஒரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் மறுபடி கோபித்துக்கொள்ளாமல் இருக்க நான் ஒரு யோசனை செய்தேன். என் மூளையைப் பற்றி நானே பெருமைப்பட்ட கடைசிச் சந்தர்ப்பம் அது.

இரண்டாயிரத்து மூன்று என்று நினைவு. கல்யாண வீடியோ எடிட்டிங் கடை போடுவதற்காக நாகல் நகரில் ஒரு மாடி அறை பிடித்திருந்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் மனிதனே வெந்துவிடுவான், கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் இடம் வரும்போதெல்லாம் சூடேறி அணைந்துவிடும். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்.

"திறப்பு விழா அன்னைக்கு இந்தப் பெட்டி நிக்காம ஓடுச்சுன்னா கடை. ஓடலைன்னா பி.எட். அதுக்கு மேல பேச்சு இல்ல."

பி.எட். என்றால் எனக்கு அப்போது ஆயுள் தண்டனை. பிரவுசிங் சென்டரில் தேடித் தேடி, தண்ணீரால் குளிர்விக்கும் வித்தையைப் படித்தேன். வண்ணமீன் கடையில் ஒரு மோட்டார், ஒரு பிளாஸ்டிக் வாளி, நாலு முழம் குழாய், லேத் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு செம்புக் கட்டி. அந்தக் கட்டி பிராசஸர் சில்லின் தலையில் உட்காரும், அதற்குள் தண்ணீர் ஓடும், சூடு போய்விடும். ஒரே ஒரு நிபந்தனை. கட்டி சமமாக உட்கார வேண்டும். நான்கு மூலையிலும் நான்கு ஸ்க்ரூ. அரைச் சுற்று இங்கே, அரைச் சுற்று எதிர்மூலையில் என்று மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஒரே மூலையை இறுக்கினால், நகத்தளவே இருக்கும் சில்லின் ஓரம் உடைந்துவிடும்.

விழாவுக்கு முதல் நாள் நானே அப்படித் திருகி மாட்டினேன். மாலை முழுக்க அணையாமல் ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ரிப்பனை ஒருவர்தானே வெட்ட முடியும்? மற்ற மூவர் கோபித்துக்கொள்வார்களே? நாலு ஸ்க்ரூ, நாலு பெரியவர்கள்: மாமா, பெரியப்பா, அத்தை, அப்பா. ஆளுக்கு ஒன்று. ஓடிக்கொண்டிருந்ததை நானே கழற்றி வைத்தேன். (போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு வேட்டியையும் துவைத்துக் கட்டியிருந்தேன்.)

மறுநாள் பங்குச் சாமியார் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். கம்ப்யூட்டருக்குள் ஒரு துளி விழாமல் குறுக்கே நின்று மொத்தத்தையும் நானே வாங்கிக்கொண்டேன். நிலக்கோட்டை அத்தை தன் மகள் கல்யாண வீடியோவைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்து, மானிட்டருக்கு மல்லிகைச் சரம் சாத்தினார். ஸ்க்ரூ டிரைவரைத் தாம்பாளத்தில் வைத்து முதலில் தாய்மாமனிடம் நீட்டினேன். மாமாவின் முகம் மலர்ந்தது.

"கொஞ்சங் கொஞ்சமா மாமா. அரைச் சுத்து போதும். அடியில இருக்கது கண்ணாடி மாதிரி."

"மாப்ள, நான் கட்டுன மூட்டை மெட்ராஸ் வரைக்கும் குலுங்கிப் போனாலும் அவுந்ததில்ல. அரகொறயாச் செய்யறவன் நான் இல்ல."

திருகினார். மேலும் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. "போதும் மாமா" என்று நான் சொன்னது எனக்கு மட்டுமே கேட்டது. ஒரு வருஷக் கோபம் கண்முன்னால் வந்து நின்றால் யாருக்குத்தான் குரல் எழும்பும்? மிளகைக் கடித்த மாதிரி உள்ளே 'நறுக்'கென்று ஒரு சத்தம்.

"கேட்டியா? நல்லா உக்காந்திருச்சு" என்று மாமா ஸ்க்ரூ டிரைவரைப் பெரியப்பாவிடம் கொடுத்தார்.

பெண் கொடுத்த வீட்டாருக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று பெரியப்பா தன் பங்குக்கு முக்கித் திருகினார். அத்தை, "கரண்டு அடிக்குமாலே?" என்று கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு தொட்டார். கடைசியில் அப்பா.

"ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதே?"

"அது அப்படித்தான்ப்பா" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது. அழகுக்காகச் சொட்டுநீலம் கலந்து வைத்திருந்த தண்ணீர் குழாயில் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"தண்ணி ஓடுதுல்ல, பெறகென்ன?" என்றார் மாமா.

"படம் எப்பலே வரும்?" என்றார் அத்தை.

"செத்த நேரம் அத்தை."

இரண்டு காபி முடியும்வரை அத்தை மல்லிகைச் சரத்துக்குள் உற்றுப் பார்த்தார். "பொண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம். தண்ணிதான் தெரியுது" என்று எழுந்தார். இருந்தாலும் எங்கள் குடும்ப வரலாற்றில் ஒருவரும் கோபிக்காமல் முடிந்த முதல் விசேஷம் அதுதான். மாமா கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் போனபின் கழற்றிப் பார்த்தோம். சில்லின் ஒரு மூலை தூளாகிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை.

"யாரு ஸ்க்ரூன்னு தெரியுது. அவன்கிட்ட சொல்லிராத. இப்பத்தான் வீட்டுக்கு வர ஆரம்பிச்சிருக்கான்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி, "திங்கக்கிழமை பி.எட். காலேஜுக்குப் போவோம்" என்றார்.

போனேன். அங்கே எனக்கு முன்பெஞ்சில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். அதற்கு மூன்றாம் வருஷம் கோயிலில் பீடத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் தாலி கட்டக் குனிந்தேன். அவசரத்தில் இழுத்து இழுத்துப் பார்த்தேன், முடிச்சு விழவில்லை. கோயிலே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் பின்னாலிருந்து மாமாவின் மண்டிக் குரல் கேட்டது.

"கொஞ்சங் கொஞ்சமா மாப்ள. அடியில இருக்கது கண்ணாடி மாதிரி."

அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். சில்லை உடைத்தது தான்தான் என்று மாமாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

இப்போது அந்த வெட்கமும் போய்விட்டது. "அன்னைக்கு நான் இறுக்குன இறுக்குலதான் ஒனக்குப் பொண்டாட்டியே கெடச்சா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். எங்கள் கல்யாண நாளுக்கு முதல் துண்டு கேக் அவருக்குத்தான். தவறினால் கோபித்துக்கொள்வார்.